மூளையை கம்ப்யூட்டரில் உருவாக்க முடியுமா? சென்னை ஐஐடி 'தரணி' முதல் லட்சக்கணக்கான ஜர்னல் கட்டணம் வரை: விஞ்ஞானிகள் முன் இருக்கும் சவால் என்ன?

மனித மூளையில் எத்தனை நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், இருக்கின்றன? பல வருடங்களாக பாடப் புத்தகங்கள் சொல்லி வந்த பதில் 10,000 கோடி. டிவி, பத்திரிகை, மேடைப் பேச்சு என எல்லா இடத்திலும் இதே எண்தான்.

ஆனால் இதை எண்ணிப் பார்த்தது யார்?

பிரேசிலைச் சேர்ந்த நரம்பியல் விஞ்ஞானி சுசானா ஹெர்குலானோ-ஹூசெல் இந்தக் கேள்வியோடு பழைய ஆய்வுக் கட்டுரைகளைத் தேடினார். அந்த எண்ணுக்கு ஆதாரமான ஒரு கட்டுரைகூட அவருக்குக் கிடைக்கவில்லை. ஒரு புத்தகத்தைப் பார்த்து இன்னொரு புத்தகம், அதைப் பார்த்து அடுத்தது என்று எண் மட்டும் பயணம் செய்துகொண்டே இருந்தது.

அதனால் அவரது குழுவே எண்ணிப் பார்க்க முடிவு செய்தது. மூளைத் திசுவைக் கரைத்து ஒரே சீரான 'சூப்' ஆக்கி, அதிலிருந்து சில துளிகளை எடுத்து, அவற்றில் உள்ள செல் கருக்களை எண்ணிக் கணக்கிடும் முறையை 2005-ல் வெளியிட்டார்கள். 2009-ல் மனித மூளைக்கான விடை வந்தது. சராசரியாக 8,600 கோடி நியூரான்கள். புத்தகம் சொன்னதைவிட 1,400 கோடி குறைவு. இந்த வித்தியாசம் மட்டுமே கிட்டத்தட்ட ஒரு பபூன் குரங்கின் மொத்த மூளைக்குச் சமம்.

இந்த முடிவு வெளியானது 'ஜர்னல் ஆஃப் கம்பேரட்டிவ் நியூராலஜி' என்ற ஆய்விதழில். 1891-ல் தொடங்கிய பழைய இதழ் அது. 2024 டிசம்பரில் சென்னை ஐஐடி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த கருவின் மூளை வரைபடம் வெளியானதும் அதே இதழில்தான். அப்போது அந்த இதழின் தலைமை எடிட்டர் யார் தெரியுமா? மூளை செல்களை எண்ணிய அதே ஹெர்குலானோ-ஹூசெல்.

மூளையைப் பற்றி ஒரு விஷயத்தை கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அதை மற்றவர்கள் படிக்கணும், சரிபார்க்கணும், தப்பு இருந்தால் சொல்லணும். அதற்கான வழிதான் ஜர்னல். ஆனால் அந்த வழியில் இன்று லட்சக்கணக்கில் கட்டணம், போலி இதழ்கள், பூட்டிய கதவுகள் என பல தடைகள். இதெல்லாம் எப்படி வேலை செய்கிறது? தமிழ்நாட்டு மாணவர்களை இது எப்படி பாதிக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

மூளை மாதிரி என்றால் என்ன?

மூளை மாதிரி என்றதும் பள்ளி ஆய்வகத்தில் பார்த்த பிளாஸ்டிக் மூளை நினைவுக்கு வரலாம். இது அது இல்லை. மூளை எப்படி இயங்குகிறது என்பதை கணக்குச் சமன்பாடுகளாக எழுதி, கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பதுதான் இந்த ஆராய்ச்சி. 'கம்ப்யூட்டேஷனல் நியூரோசயின்ஸ்' என்று சொல்வார்கள்.

சிம்பிளா புரிஞ்சுக்க திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய் கண்டிகைக்குப் போகலாம். சிப்காட் தொழிற்பூங்காவால் தெரிந்த ஊர். சென்னையின் ஐந்தாவது குடிநீர் ஏரியும் இங்கேதான் இருக்கிறது. கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்து 380 கோடி ரூபாய் செலவில் உருவாக்கப்பட்ட இந்த நீர்த்தேக்கம், 2020 நவம்பர் 21-ம் தேதி திறக்கப்பட்டது. கொள்ளளவு 500 மில்லியன் கன அடி.

இந்த ஏரியில் நாளைக்கு எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று கணிக்க, ஏரி முழுவதையும் கம்ப்யூட்டரில் வரைய வேண்டியதில்லை. மழையாலும் கால்வாயாலும் வருவது எவ்வளவு, ஆவியாகியும் மண்ணில் கசிந்தும் போவது எவ்வளவு, எந்த மட்டத்தைத் தொட்டால் உபரி நீர் வெளியேறும்? இந்த மூன்றும் தெரிந்தால் கணக்கு போட்டுவிடலாம். அதுதான் மாதிரி.

ஒரு நியூரானுக்கும் இதே கணக்குதான். பக்கத்து நியூரான்களிடமிருந்து மின் சமிக்ஞைகள் வந்து சேர்கின்றன. அதே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக கசியவும் செய்கின்றன. அமைதியாக இருக்கும் நியூரானின் மின் அழுத்தம் சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட். அது ஏறி ஏறி சுமார் மைனஸ் 55-ஐத் தொட்டதும் 'பட்' என்று ஒரு மின் துடிப்பு கிளம்பி அடுத்த நியூரான்களை நோக்கிப் போகிறது.

ஒரே ஒரு வித்தியாசம். ஏரியில் உபரி நீர் மட்டும்தான் வெளியேறும். நியூரான் துடித்ததும் மொத்தமாக காலியாகி, பழைய நிலையிலிருந்து திரும்பத் தொடங்கும். இந்தக் கணக்கின் முதல் வடிவத்தை பிரெஞ்சு விஞ்ஞானி லூயி லாபிக் எழுதியது 1907-ல். இன்றைக்கும் பெரிய மூளை மாதிரிகளில் இந்த எளிய நியூரான் பயன்படுகிறது.

அடுத்த பெரிய படி 1952. பிரிட்டனின் ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி இருவரும் கணவாய் மீனின் தடித்த நரம்பை வைத்து, மின் துடிப்பு எப்படி உருவாகிறது என்பதைச் சமன்பாடுகளாக எழுதினார்கள். அன்றைக்கு கேம்பிரிட்ஜில் இருந்த கம்ப்யூட்டர் கிடைக்காததால், கையால் சுற்றும் கணக்கு இயந்திரத்தில் விடையைக் கண்டுபிடித்தார் ஹக்ஸ்லி. 1963-ல் இருவருக்கும் நோபல் பரிசு. அந்தச் சமன்பாடுகள் முழுவதும் ஆய்வுக் கட்டுரையிலேயே அச்சாகி இருந்ததால், இன்றைக்கும் ஒரு கல்லூரி மாணவர் அதை லேப்டாப்பில் ஓட்டிச் சரிபார்க்க முடிகிறது. இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இதனால் சாதாரண மக்களுக்கு என்ன பயன்?

பார்கின்சன் நோயை எடுத்துக்கொள்வோம். கை நடுங்கும், நடை சுருங்கும், கையெழுத்து சின்னதாகிக்கொண்டே போகும். சிலர் வீட்டு வாசற்படியைத் தாண்டும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல அப்படியே நின்றுவிடுவார்கள். காலில் பிரச்சினை இல்லை. மூளையின் ஆழத்தில் 'டோபமைன்' என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் அழிவதுதான் காரணம்.

அதற்காக, மூளையின் அந்தப் பகுதியை கம்ப்யூட்டரில் உருவாக்கி டோபமைன் அளவைக் குறைத்துப் பார்க்கிறார்கள். நிஜ நோயாளியிடம் செய்ய முடியாத சோதனை இது. சென்னை ஐஐடி பேராசிரியர் வி. ஸ்ரீனிவாச சக்கரவர்த்தியின் குழு இந்தத் துறையில் நீண்ட காலமாக வேலை செய்கிறது. பார்கின்சன் நோயாளிகளின் கையெழுத்து ஏன் மாறுகிறது, குறுகலான வாசலில் நடை ஏன் தடுமாறுகிறது என்பதற்கெல்லாம் இந்தக் குழு கணினி மாதிரிகளை வெளியிட்டுள்ளது.

பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உபிந்தர் பல்லா இன்னும் உள்ளே போனார். ஒரு செல்லுக்குள் நடக்கும் ரசாயன மாற்றங்கள் எப்படி நினைவாகத் தங்க முடியும் என்பதற்கான கணினி மாதிரியை 1999-ல் ரவி அய்யங்காருடன் சேர்ந்து 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்.

பெரிய கம்ப்யூட்டர் இருந்தால் முழு மூளையும் ரெடியா?

இல்லை என்பதுதான் இதுவரை கிடைத்த பாடம்.

ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள 'சி. எலிகன்ஸ்' என்ற புழுவுக்கு மொத்தமே 302 நியூரான்கள். அவை ஒன்றோடு ஒன்று எப்படி இணைந்திருக்கின்றன என்ற வரைபடம் 1986-லேயே வெளியாகிவிட்டது. இத்தனை வருடமாகியும், அந்தப் புழு அடுத்து என்ன செய்யும் என்பதை முழுசாகக் கணிக்கும் மாதிரி இல்லை. வயரிங் தெரிந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு இணைப்பின் வலிமையும் தெரிய வேண்டும்.

2024 அக்டோபரில் பழ ஈயின் முழு மூளை வரைபடம் 'நேச்சர்' இதழில் வந்தது. 1,39,255 நியூரான்கள். 2025 ஏப்ரலில் எலி மூளையில் ஒரு கன மில்லிமீட்டர், அதாவது ஒரு கடுகு அளவுள்ள துண்டின் வரைபடம் வந்தது. அதற்குள் மட்டும் 50 கோடிக்கும் மேல் இணைப்புகள்!

மனித மூளையை மொத்தமாகக் கட்ட முயன்ற கதையும் உண்டு. சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய ஹென்றி மார்க்ரம், 10 வருடத்தில் மனித மூளையை கம்ப்யூட்டரில் உருவாக்க முடியும் என்று 2009-ல் 'டெட்' மேடையில் சொன்னார். 2013-ல் ஐரோப்பிய ஒன்றியம் 'மனித மூளைத் திட்டம்' என்ற 10 வருடத் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த வருடமே நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். இலக்கும் சரியில்லை, நிர்வாகமும் சரியில்லை என்பது அவர்கள் புகார். பிறகு நிர்வாகம் மாற்றப்பட்டது. இலக்கும் அடக்கமானது.

2023 செப்டம்பரில் திட்டம் முடிந்தபோது செலவு 60 கோடி யூரோவைத் தாண்டியிருந்தது. விரிவான மூளை அட்லஸ், ஆய்வாளர்கள் பகிர்ந்து பயன்படுத்தும் 'இபிரெயின்ஸ்' தளம் போன்றவை கிடைத்தன. கம்ப்யூட்டருக்குள் ஒரு மனித மூளை மட்டும் கிடைக்கவில்லை. மார்க்ரமின் தனி ஆய்வுக் குழு 2015-ல் வெளியிட்ட புகழ்பெற்ற மாதிரியில் இருந்ததும் எலி மூளையின் சுமார் 31,000 நியூரான்கள்தான்.

சென்னை ஐஐடி-யின் 'தரணி' என்ன செய்தது?

மாதிரி கட்டுவதற்கு முன்னால் சரியான வரைபடம் வேணும். அந்த வேலையில் இறங்கியதுதான் சென்னை ஐஐடி-யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம். இன்ஃபோசிஸ் இணை நிறுவனரும் ஐஐடி-யின் முன்னாள் மாணவருமான கிரிஸ் கோபாலகிருஷ்ணன் நிதியில் உருவான மையம் இது. அதன் தலைவர் பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம்.

இங்கே மூளையை உறைய வைத்து, தலைமுடியின் தடிமனைவிட மெல்லிய சீவல்களாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு சீவலுக்கும் சாயம் ஏற்றி, தனித்தனி செல் தெரியும் அளவுக்கு ஸ்கேன் செய்கிறார்கள். பிறகு எல்லாப் படங்களையும் கம்ப்யூட்டரில் அடுக்கி முப்பரிமாண மூளையாகச் சேர்க்கிறார்கள். 'தரணி' தொகுப்பில் இப்படிப்பட்ட 5,132 சீவல்களின் படங்கள் இருக்கின்றன. கர்ப்பத்தின் 14 முதல் 24 வாரம் வரையிலான கருக்களின் மூளை இதில் பதிவாகியுள்ளது. மேலை நாடுகளில் ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இதைச் செய்ததாக ஐஐடி தெரிவித்தது.

இந்த வாரங்கள் ஏன் முக்கியம்? மூளையில் நியூரான்கள் வேகமாக உருவாகி, தங்கள் இடத்துக்கு நகரும் காலம் இது. ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடுகளின் வேர் கருவில் இருக்கும்போதே தொடங்குகிறதா என்று தேடுபவர்களுக்கு, இயல்பான மூளை எப்படி இருக்கும் என்ற ஒப்பீடு வேணும். அந்த ஒப்பீட்டைத்தான் 'தரணி' தருகிறது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்தப் படங்கள் முழுவதும் இணையத்தில் இலவசம். உலகில் எந்த மூலையில் இருக்கும் ஆய்வாளரும், கட்டுரையில் சொன்னது சரியா என்று படத்தைத் திறந்து பார்க்கலாம்.

ஜர்னலில் ஒரு கட்டுரை எப்படி வெளியாகிறது?

இனி அடுத்த கட்டம். ஆராய்ச்சி முடிந்தது, கட்டுரை எழுதியாச்சு. அப்புறம்?

முதலில் கட்டுரை எடிட்டர் மேசைக்குப் போகும். இதழுக்குப் பொருந்தாது என்று அவர் நினைத்தால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார். தாண்டினால், அதே துறையைச் சேர்ந்த இரண்டு மூன்று நிபுணர்களுக்கு அனுப்புவார். 'பியர் ரிவ்யூ' என்பது இதுதான். அவர்கள் குறைகளைப் பட்டியல் போடுவார்கள். கூடுதல் சோதனை கேட்பார்கள். திருத்தி, திரும்ப அனுப்பி, மறுபடியும் திருத்தி... இப்படியே மாதங்கள் ஓடும். வருடத்தைத் தாண்டுவதும் உண்டு. நிராகரித்தால் வேறு இதழில் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும்.

ரிவ்யூ செய்யும் நிபுணர்களுக்கு பெரும்பாலும் சம்பளம் கிடையாது. கட்டுரை எழுதியவருக்கும் இதழிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது. ஆராய்ச்சிக்கான செலவு பெரும்பாலும் மக்கள் வரிப்பணம். ஆனால் வெளியான கட்டுரையைப் படிக்க கல்லூரி நூலகம் பதிப்பகத்துக்கு சந்தா கட்ட வேண்டும். இதை எதிர்த்துத்தான் 'ஓபன் ஆக்சஸ்' என்ற திறந்த அணுகல் இயக்கம் வளர்ந்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம் என்பது அதன் நோக்கம்.

நல்ல விஷயம்தானே என்று கேக்கலாம். சிக்கல் என்னவென்றால், படிப்பவரிடம் வாங்கிய காசை பல பதிப்பகங்கள் இப்போது எழுதுபவரிடம் வாங்குகின்றன.

கட்டணம் எவ்வளவு?

'நேச்சர்' இதழ் 2021 முதல் திறந்த அணுகலுக்கு நிர்ணயித்த கட்டணம் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. அன்றைய மதிப்பில் சுமார் எட்டரை லட்சம் ரூபாய். இந்தியாவில் ஜே.ஆர்.எஃப் பெறும் ஆய்வு மாணவரின் மாத உதவித்தொகை 2023 முதல் 37,000 ரூபாய். ஆக, கிட்டத்தட்ட இரண்டு வருட உதவித்தொகையை அப்படியே கொடுத்தால்தான் ஒரு கட்டுரைக்கான கட்டணம் வரும். எல்லா இதழும் இவ்வளவு வாங்குவதில்லை. சந்தா முறையில் இயங்கும் பல இதழ்களில் எழுதுபவர் பணம் கட்டாமலே வெளியிடலாம். ஆனால் அந்தக் கட்டுரை மற்றவர்களுக்குப் பூட்டியே இருக்கும்.

மூளை ஆராய்ச்சித் துறையிலேயே இதற்கு எதிராக ஒரு கலகம் வெடித்தது. 'நியூரோஇமேஜ்' மூளை ஸ்கேன் ஆராய்ச்சியில் முன்னணி இதழ். எழுதுபவரிடம் அது வாங்கிய கட்டணம் 3,450 டாலர். குறைக்கச் சொல்லி எடிட்டர்கள் கேட்டார்கள், பதிப்பகம் மறுத்தது. 2023 ஏப்ரலில் 40-க்கும் மேற்பட்ட எடிட்டர்கள் கூண்டோடு ராஜினாமா செய்தனர். சும்மா போகவில்லை. 'இமேஜிங் நியூரோசயின்ஸ்' என்ற புதிய இதழையே எம்ஐடி பிரஸ் மூலம் தொடங்கி, பாதிக்கும் குறைவான கட்டணம் வைத்தார்கள். இதழின் மதிப்பு அதன் பெயரில் இல்லை, அதற்கு உழைக்கும் விஞ்ஞானிகளிடம்தான் இருக்கிறது என்பதுதான் அவர்கள் சொல்ல வந்தது.

மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' யாருக்கு?

படிப்பதில் உள்ள தடையை உடைக்க 2024 நவம்பர் 25-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம்தான் 'ஒரே நாடு ஒரே சந்தா'. 2025, 2026, 2027 ஆகிய மூன்று வருடங்களுக்கு 6,000 கோடி ரூபாய். 30 சர்வதேச பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள். 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள். சுமார் 1.8 கோடி மாணவர்கள், ஆசிரியர்கள், ஆய்வாளர்கள் பயன்பெறுவார்கள் என்பது அரசின் கணக்கு. 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது 'அரசு' என்ற சொல். முதல் கட்டத்தில் மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்கு மட்டும்தான் இது.

தேர்வாய் கண்டிகை, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பொன்னேரி அரசு கலைக் கல்லூரியில் படிப்பவர் இந்தத் திட்டத்தின் வரம்புக்குள் வருகிறார். அதே ஊர்க்காரர் ஒருவர் தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்ந்து, மூளை அலைகளை வைத்து செயற்கைக் கை செய்ய புராஜெக்ட் எடுத்தால் அவர் வெளியே நிற்கிறார். கல்லூரி தனியாக சந்தா கட்டியிருந்தால் உண்டு. இல்லையென்றால் கட்டுரையின் சுருக்கம் மட்டும்தான் தெரியும். மீதிக்கு 'பணம் கட்டுங்கள்' என்ற பக்கம்தான் வரும்.

இப்படிப்பட்டவர்கள் பல வருடங்களாக நம்பியிருந்தது 'சை-ஹப்' என்ற தளத்தை. பூட்டிய கட்டுரைகளை அனுமதி இல்லாமல் இலவசமாகத் தந்த தளம் இது. மூன்று பதிப்பகங்கள் 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு போட்டன. 2025 ஆகஸ்டில் இந்தியாவில் அந்தத் தளத்தை முடக்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

காசு வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் இதழ்கள்

"உங்கள் அருமையான கட்டுரையை மூன்றே நாளில் வெளியிடுகிறோம்" என்று இமெயில் வருவது ஆய்வு மாணவர்களுக்குப் புதிதல்ல. பியர் ரிவ்யூ நடந்ததாகச் சொல்வார்கள், நடந்திருக்காது. எடிட்டர் குழுவில் பெரிய பேராசிரியர் பெயர் இருக்கும், அவருக்கே அது தெரியாது. கட்டணம் எவ்வளவு என்பதை கட்டுரை ஏற்கப்பட்ட பிறகுதான் சொல்வார்கள். திரும்பப் பெறவும் விடமாட்டார்கள்.

இதில் உலக அளவில் பேசப்பட்ட வழக்கு ஹைதராபாத்தைச் சேர்ந்த 'ஓமிக்ஸ்' நிறுவனம் மீதானது. ஆய்வாளர்களை ஏமாற்றியதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2016-ல் வழக்கு தொடர்ந்தது. 2019-ல் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த உத்தரவிட்டது.

இந்தியாவில் நல்ல இதழ்களை அடையாளம் காட்ட பல்கலைக்கழக மானியக் குழு 'யுஜிசி கேர்' என்ற பட்டியலை வைத்திருந்தது. 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலைக் கைவிடுவதாக யுஜிசி அறிவித்தது. எது நல்ல இதழ் என்று முடிவு செய்யும் பொறுப்பு இப்போது கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள் கையில். வழிகாட்டும் ஆள் இல்லாத சின்னக் கல்லூரி மாணவருக்கு இது இன்னும் கஷ்டம்.

பெரிய இதழில் வந்தால் உண்மைன்னு நம்பலாமா?

அதுவும் முழுசா இல்லை. அல்சைமர் மறதி நோய்க்கு ஒரு குறிப்பிட்ட புரதம்தான் காரணமாக இருக்கலாம் என்று 2006-ல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஆயிரக்கணக்கான ஆய்வுகள் அதை மேற்கோள் காட்டின. கட்டுரையில் இருந்த படங்கள் திருத்தப்பட்டவை என்ற சந்தேகம் 2022-ல் வெளியே வந்தது. 2024 ஜூனில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 18 வருடம்! அந்த 18 வருடமும் பல ஆய்வாளர்களின் உழைப்பும் நிதியும் அந்தக் கட்டுரையை நம்பிச் செலவானது. அல்சைமர் ஆராய்ச்சி முழுவதுமே அதை மட்டும் நம்பி இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பியர் ரிவ்யூ செய்பவர் கட்டுரையைப் படிக்கிறார். ஆய்வகத்துக்கு நேரில் போய்ப் பார்ப்பதில்லை. மூலப் படமும் தரவும் வெளியில் இல்லையென்றால் தப்பைக் கண்டுபிடிப்பது கடினம்.

மூளை மாதிரி ஆராய்ச்சியில் இது இன்னும் முக்கியம். காரணம், ஒரு மாதிரியில் நூற்றுக்கணக்கான எண்கள் இருக்கும். ஒன்றை மாற்றினாலும் முடிவு மாறலாம். கட்டுரையில் ஒரு எண் விட்டுப்போனால் வேறு யாராலும் அதே முடிவைக் கொண்டுவர முடியாது. ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி சமன்பாடுகள் 70 வருடம் கழித்தும் ஓடுவதற்குக் காரணம், எல்லாமே கட்டுரையில் இருந்ததுதான். இன்றைய மாதிரிகள் ஒரு கட்டுரைக்குள் அடங்காது. அதனால்தான் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'மாடல்டிபி' என்ற இலவசக் களஞ்சியத்தில், ஆய்வாளர்கள் தங்கள் மாதிரியின் புரோகிராமையே போட்டுவிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் டவுன்லோட் செய்து ஓட்டிப் பார்க்கலாம்.

ஆய்வு மாணவர்கள் என்ன செய்யலாம்?

கட்டணம் கட்டாமலே கட்டுரையைப் படிக்கவும், ஏமாறாமல் வெளியிடவும் சட்டப்படியான வழிகள் இருக்கின்றன.

* முன்பதிப்பு: 'பயோஆர்க்கைவ்' தளம் 2013 முதல் உயிரியல் கட்டுரைகளை ரிவ்யூவுக்கு முன்பே இலவசமாக வெளியிடுகிறது. எழுதுபவருக்கும் கட்டணம் இல்லை. பூட்டிய பல கட்டுரைகளின் முந்தைய வடிவம் இங்கே கிடைக்கும். ஆனால் இவை நிபுணர்கள் சரிபார்க்காதவை என்பதை மறக்கக் கூடாது.

* எழுதியவரிடமே கேட்கலாம்: கட்டுரையில் தொடர்புக்கான இமெயில் முகவரி இருக்கும். மரியாதையாக ஒரு மெயில் போட்டால் பலர் பிடிஎஃப் அனுப்பிவிடுவார்கள்.

* இதழைச் சோதித்துப் பாருங்கள்: 'திங்க் செக் சப்மிட்' தளத்தில் இதழின் தரத்தைச் சோதிக்கும் கேள்விகள் இருக்கின்றன. திறந்த அணுகல் இதழ் என்றால் 'டிஓஏஜே' பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். எடிட்டர் குழுவில் இருப்பவரின் பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்த இதழ் பெயர் உண்டா என்று தேடுங்கள்.

* கட்டணத்தை முதலிலேயே கேளுங்கள்: கட்டுரை அனுப்புவதற்கு முன்பே எவ்வளவு, எப்போது, தள்ளுபடி உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் பணம் வாங்காத 'டைமண்ட்' வகை இதழ்களும் இருக்கின்றன.

* தரவையும் புரோகிராமையும் சேர்த்து வெளியிடுங்கள்: உங்கள் மாதிரியை வேறொருவர் ஓட்டிப் பார்த்து அதே முடிவு வந்தால், அதைவிடப் பெரிய சான்றிதழ் இல்லை.

அடுத்து என்ன?

'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு இப்போது ஒதுக்கியிருக்கும் நிதி 2027 வரைக்கும்தான். அதற்குப் பிறகு தனியார் கல்லூரி மாணவர்களையும் சேர்ப்பார்களா, எழுதுபவர்கள் கட்டும் கட்டணச் சுமைக்கு என்ன தீர்வு என்பதுதான் இனி பார்க்க வேண்டியது. படிக்கும் கதவு மட்டும் திறந்து, எழுதும் கதவுக்கு லட்சக்கணக்கில் கட்டணம் இருந்தால், இந்திய விஞ்ஞானிகள் மற்றவர்களின் ஆராய்ச்சியைப் படிப்பவர்களாக மட்டுமே நிற்க வேண்டியிருக்கும்.

அதுவரைக்கும் காத்திருக்கத் தேவையில்லாத ஒரு கதவும் இருக்கிறது. சென்னையில் உருவான 'தரணி' தொகுப்பைப் பார்க்க சந்தா வேண்டாம், அரசுக் கல்லூரி அடையாள அட்டையும் வேண்டாம். கருவில் வளரும் மூளையின் ஒவ்வொரு செல்லும் எங்கே இருக்கிறது என்பதை, இணைய வசதி உள்ள எந்த மாணவரும் இன்றைக்கே திறந்து பார்க்கலாம்.